அண்ணன் காருக்குள் ஒரு மூச்சு

பழைய காரின் ஏ.சி.க்கு கேஸ் அடைப்பதில் பயப்பட என்ன இருக்கிறது? போன மாதம் வரை நானும் இப்படித்தான் கேட்டிருப்பேன். இப்போது... இதை இந்த வாரப் பத்திக்காக எழுதவே கை கொஞ்சம் தயங்குகிறது.

கார் என் அண்ணனுடையது. அவர் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. திண்டிவனத்தில் அண்ணி தனியாக இருக்கிறார். நான் விழுப்புரத்திலிருந்து வாரம் ஒருமுறை பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். கல்யாணமான புதிதில் அவர்கள் வாங்கிய கார் அது — பழசு என்றால் அப்படியொரு பழசு. விற்றுவிடலாமே என்று யாராவது ஆரம்பித்தால் போதும், அண்ணி எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார்.

சித்திரை வெயிலில் அதன் ஏ.சி. படுத்துவிட்டது. சலீம் பாயிடம் கொண்டுபோனோம். கோட்டக்குப்பத்துக்காரர். துபாயில் கார் ஏ.சி. வேலை பார்த்துவிட்டு வந்து, திண்டிவனத்தில் ஷெட் போட்டிருக்கிறார். அவர் சொன்னது இதுதான்: இந்தக் காருக்கென்று இருந்த கேஸ் ஓசோனைக் கெடுக்கிறது என்று எப்போதோ நிறுத்தியாகிவிட்டது. இப்போது வரும் கேஸைப் போடலாம். ஆனால் ஹோஸ், சீல், கம்ப்ரஸர் ஆயில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

“அவரு கை பட்ட எதையும் கழட்ட வாணாம் பாய்” என்றார் அண்ணி.

ஞாயிற்றுக்கிழமைகளில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்த ஹோஸ்களை ஒவ்வொன்றாக மாட்டியவர் அண்ணன். எனக்கும் அது தெரியும்.

பாய் தலையைச் சொறிந்தார். எதையும் மாற்றாமல் அப்படியே அடைக்கக்கூடிய கேஸ் ஒன்று உண்டு, நம் வீட்டு அடுப்பு கேஸ் ஜாதிதான், சில்லென்று இருக்கும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ரொம்பப் பேரு போட்டுக்கினுதான் இருக்காங்க. ஆனா லீக் ஆச்சுன்னா பேஜாரும்மா, தீப்புடிச்சுக்கும்” என்றார். அண்ணி அதையே போடச் சொல்லிவிட்டார்.

நானா? வாயைத் திறக்கவில்லை. செத்துப்போனவர் மாட்டிய ஹோஸைக் கழற்றிப் போடுங்கள் என்று அவர் மனைவியிடம் எந்த வாயால் சொல்வது?

கார் ஊட்டியாகிவிட்டது. எனக்கும் நிம்மதி.

அடுத்த வாரம் போனால் வீட்டுக் கதவு திறந்து கிடக்கிறது. அண்ணியைக் காணோம். போர்ட்டிகோவில் நின்ற காருக்குள் உட்கார்ந்திருந்தார். பட்டப்பகல். எஞ்சினும் ஏ.சி.யும் ஓடிக்கொண்டிருந்தன. என்னைப் பார்த்ததும் பக்கத்து சீட்டைக் காட்டினார். உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார்.

“பேசாம கேளுங்க தம்பி.”

கேட்டது. டாஷ்போர்டுக்கு உள்ளேயிருந்து மெல்லியதாக, நீளமாக ஒரு மூச்சு... இழுத்து, இழுத்து, கடைசியில் கொஞ்சம் சிக்கி, அப்படியே அடங்கியது. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் அண்ணன் கடைசியாக இப்படித்தான் மூச்சு விட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டவன் நான். என் முழங்கை வரை புல்லரித்தது.

“தெனம் வர்றாரு” என்றார் அண்ணி.

அது மெஷின் சத்தம் அண்ணி என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் தெரியுமா? எனக்கும் அது அண்ணன் மூச்சாகத்தான் கேட்டது. பயமாக இருந்தது. இன்னொரு தடவை கேட்டால் தேவலை என்றும் இருந்தது.

கண்ணுக்குத் தெரியாத ஒன்று கூடவே இருக்கிறது என்று தோன்றினால் நாமெல்லாம் என்ன செய்வோம்? மெக்கானிக்கையா கூப்பிடுவோம்? கற்பூரம் அல்லவா ஏற்றுவோம்!

அண்ணியும் அதைத்தான் செய்யப் போனார். அமாவாசை அன்று வீட்டில் படையல் போட்டு முடித்ததும் அவரைக் காணோம். எனக்கு உடனே புரிந்துவிட்டது. போர்ட்டிகோவுக்குப் போனேன். காரின் கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது. உள்ளே அண்ணி, மடியில் தட்டு, தட்டில் கற்பூரம். சாப்பிடக் கூப்பிடலாம் என்று கதவைத் திறந்தேன்.

குப்பென்று அடித்தது அடுப்பு கேஸ் வாடை.

“கதவ சாத்துங்க தம்பி, காத்து வருது” என்றார். கையில் தீப்பெட்டி.

தீப்பெட்டியைப் பிடுங்கினேன். கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். தட்டு கவிழ்ந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அண்ணி என்னை அப்படி முறைத்ததில்லை. கேஸ் என்று சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. காலையிலிருந்து அடுப்படியில் நின்றதால் வாடை தன் புடவையிலிருந்துதான் வருகிறது என்று நினைத்திருக்கிறார்.

பாய் வீட்டுக்கே வந்து பார்த்தார். டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் அரித்து, கேஸ் காருக்குள்ளேயே கசிந்திருக்கிறது. காரை ஷெட்டுக்குக் கொண்டுபோய்க் காயில், ஹோஸ், சீல் எல்லாவற்றையும் மாற்றினார். தீப்பிடிக்காத கேஸாக அடைத்தார். இந்தத் தடவை அண்ணி தடுக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“அந்த மூச்சு நின்னுடுமா பாய்?”

ஏ.சி.யை அணைத்ததும் உள்ளே ஓடிய கேஸ் அடங்கும் சத்தம் அது, எந்தக் காரிலும் வரும், கசிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார் பாய். அண்ணி தலையாட்டிக்கொண்டார். அழுவாரோ என்று பார்த்தேன். அழவில்லை.

ஷெட்டிலிருந்து திரும்பும்போது நான் ஓட்டினேன். மேம்பாலம் தாண்டினோம். பிறகு அண்ணி, ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

“நீங்க கதவத் தொறக்கறதுக்கு முன்னாடியே ஒரசிட்டேன் தம்பி. ஒண்ணு மாத்தி ஒண்ணு ஒரசினேன். எதுவும் பத்தல.”

பெட்டி நமத்துப்போயிருக்கும் அண்ணி என்று சொல்லிவைத்தேன்.

வீட்டுக்கு வந்தோம். அண்ணி முகம் கழுவப் போனார். அன்று பிடுங்கிய தீப்பெட்டி ஜன்னல் திட்டில் நான் வைத்தபடியே கிடந்தது. எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய், ஒரு குச்சியை உரசினேன்.

முதல் உரசலிலேயே பற்றிக்கொண்டது.

அண்ணியிடம் நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை — அவர் இந்தப் பத்தியை வாரம் தவறாமல் படிக்கிறவர்.