வெங்காயம் வாங்கிச் சேர்த்த மைல்கள்

கனடாவில் வெங்காயம் வாங்கினால்கூட, கல்லாவில் நிற்கும் பெண் ஒரு கேள்வி கேட்காமல் விடமாட்டாள். பாயிண்ட்ஸ் சேர்க்கிறீர்களா? வந்த புதிதில், இல்லை, வெங்காயம் மட்டும்தான் என்று பதில் சொல்லியிருக்கிறேன். அவள் சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை, வெங்காயத்தைப் பையில் போட்டுத் தந்தாள். மாத்தளைக் கடைத்தெருவில் வாடிக்கைக்காரன் என்றால் முதலாளி ஒரு கைப்பிடி கறிவேப்பிலையைச் சும்மா பையில் திணிப்பார். இங்கே கடைக்காரன் அப்படி எதுவும் தருவதில்லை. கார்டு தந்த வங்கிதான், நீ செலவழித்ததற்குப் பிடி பரிசு என்கிறது. அந்தப் பரிசால் என் வீட்டில் நிம்மதி இல்லாமல் போனதுதான் கதை.

வங்கியிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்து, பழைய கார்டுக்குப் பதில் புதிய கார்டு அனுப்பப் போகிறோம், பயண மைல் வேண்டுமா, கேஷ்பேக் வேண்டுமா என்று கேட்டாள். மைல் என்றால் செலவழிக்கச் செலவழிக்க விமான டிக்கெட்டுக்குச் சேரும். கேஷ்பேக் என்றால் கொஞ்சக் காசு திரும்பி வரும். இரண்டும் தந்தால் என்ன என்றேன். அவள் நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். நான் உண்மையாகத்தான் கேட்டேன்.

என் மனைவி வசந்தி கேஷ்பேக் பக்கம். கையில் வருகிற காசுதான் காசு, ஆகாயத்தில் இருக்கிற மைலை யார் கண்டது என்பது அவள் கட்சி. அவள் யாழ்ப்பாணப் பக்கம், கொடிகாமத்துக்காரி. நான் மாத்தளை டவுன். எங்கள் கல்யாணப் பேச்சில் இரண்டு வீட்டுக்காரர்களுக்கும் நம்பிக்கை வராமல் கிடந்தபோது, கண்டியிலிருந்து மாத்தளை, நாவுல, தம்புள்ளை, வவுனியா, கொடிகாமம் என்று வடக்கே ஓடும் ஏ-ஒன்பது ரோடுதான் கைகொடுத்தது. என் அக்கா வீடு அந்த ரோட்டோரம். வசந்தியின் அம்மா வீடும் அதே ரோட்டோரம். ஒரே ரோட்டுக்காரர்கள் என்று சொல்லிச் சொல்லியே சம்மதிக்க வைத்தோம். ஆனால் கல்யாணம் நடந்தபோது ரோட்டின் மேல்பாதி யுத்தத்தில் மூடிக் கிடந்தது.

வங்கிப் பெண் அழைத்த காலத்தில் சமாதானம் வந்து பாதை திறந்திருந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டேன். மைல் சேர்த்தால் ஒரே பயணத்தில் கொழும்பில் இறங்கி, அக்காவைப் பார்த்துவிட்டு, வாசலிலேயே பஸ் ஏறிக் கொடிகாமத்தில் இறங்கலாம் என்றேன். வசந்தி தன் அம்மாவைப் பார்த்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன. சமைத்துக்கொண்டிருந்தவள் அகப்பையோடு வந்து, அப்ப மைலையே எடுங்கோ என்றாள். அவ்வளவு சீக்கிரம் இறங்கி வருவாள் என்று நான் நினைக்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்குப் பிடித்தது பைத்தியம். பெற்றோலுக்குக் கார்டு, பல் டொக்டருக்குக் கார்டு, தேவாலயத்தில் உண்டியல் வந்தபோதுகூடக் கை கார்டுக்குத்தான் போனது. நான் வேலை செய்த பண்டகசாலையில் டெபி என்று ஒரு வெள்ளைக்காரப் பெண். ஒருநாள் எல்லோருடைய மதியச் சாப்பாட்டுக்கும் நானே கார்டை நீட்டினேன். டெபி தன் பங்கைச் சில்லறை வரைக்கும் எண்ணி மேசையில் வைத்தாள். எங்கள் ஊரில் அப்படி வைத்தால் அது பெரிய அவமரியாதை. வேண்டாம் என்று தள்ளினேன், அவள் திரும்பத் தள்ளினாள். கடைசியில், நான் கல்யாணமானவள் என்று மெதுவாகச் சொன்னாள். ஐயையோ, எனக்கு வியர்த்துவிட்டது. மைலுக்காகத்தான் செய்தேன் என்று விளக்கினேன். அதன்பிறகு பண்டகசாலையே என் கார்டில் சாப்பிட்டு என் கையில் காசு வைத்தது. ஒருவரும் ஒரு சதம் குறைத்ததில்லை.

அந்தத் துணிச்சலில் எங்கள் ஆட்களிடமும் அதையே செய்யப் போய் மாட்டினேன். நஸீர் நானா மாத்தளையில் எங்களுக்கு அடுத்த தெரு. இங்கே தமிழ்க் கடையில் நோன்புப் பெருநாளுக்கு வண்டில் நிறையச் சாமான் எடுத்துக்கொண்டு நின்றார். நான் பாய்ந்து போய்க் கார்டைக் கொடுத்தேன். அவர் காசை எடுப்பார் என்று நான் நிற்க, அவர் என் தோளைத் தட்டி, "சரி தம்பி, அடுத்தவாட்டி என்னோடது" என்று சொல்லிவிட்டு வண்டிலைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அவர் மேல் பிழை சொல்ல முடியாது. மாத்தளையில் அதுதானே வழக்கம்? நாவுல பஸ்ஸில் தெரிந்த முகம் ஏறினால், முதலில் கண்டவர் கொண்டக்டரிடம் அவருக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிடுவார். எடுத்தாச்சு என்று தலையை ஆட்டினால் மற்றவர் காசை உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும். நீட்டினால் சண்டை. நான் அந்த பஸ்ஸை மறந்து டெபியின் நாட்டுக்காரனாக நின்றிருக்கிறேன். நஸீர் நானா ஊர்க்காரராகவே இருந்திருக்கிறார். வீட்டில் பில்லைப் பார்த்த வசந்தி, நாங்கள் மைல் சேர்க்கிறோமோ, அன்னதானம் குடுக்கிறோமோ என்று கேட்டாள்.

அக்காவுக்குத் தொலைபேசியில் விளங்கப்படுத்துவது அதைவிடக் கஷ்டம். "வெங்காயம் வாங்குனா பிளேன்ல ஏத்துவாங்களா? யாருடா ஒனக்கு இதெல்லாம் சொல்றது, செபா?" என்றாள். அம்மா இல்லாத வீட்டில் என்னை வளர்த்தவள் அவள். நான் ஏதோ சீட்டுக்காரனிடம் ஏமாறுகிறேன் என்று எனக்காக நவநாள் செபம் வேறு தொடங்கினாள்.

இரண்டு டிக்கெட்டுக்கு மைல் நிறைந்தது. நிறைந்த வருடம் சமாதானம் முறிந்தது. வடக்கே சண்டை தொடங்கிப் பாதையை மூடிவிட்டார்கள். செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்த வசந்தி தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுத் துணி மடித்தாள். வங்கியைக் கேட்டேன். மைலைக் காசாக மாற்றலாம், ஆனால் பாதிதான் தேறும் என்றார்கள். அந்தப் பாதியாவது அம்மாவின் கூரைக்கு ஆகும் என்றாள் வசந்தி. நான் விடவில்லை. பாதுகாப்பு அமைச்சில் அனுமதி எடுத்து விமானத்தில் யாழ்ப்பாணம் போகலாமாம், கொழும்பில் அலைந்து பார்ப்போம் என்றேன்.

"உங்கட ஊருக்கு மைல் காணும். என்ர ஊருக்கு எத்தினை மைல் சேர்த்தாலும் காணாது" என்றாள். கோபத்தில் சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எனக்கு அக்காவைப் பார்க்க வேண்டும். அந்த ஆசையில்தான் அவளை இழுத்துக்கொண்டு போனேன்.

போனோம். அக்கா வசந்தியின் கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள், மூன்று வேளையும் சோற்றோடு நின்றாள். நான் மாத்தளையில் ராஜா மாதிரித் திரிந்தேன். தெருவில் கண்டவர்களெல்லாம் எப்ப வந்தீங்க என்று கேட்டார்கள், எப்ப போறீங்க என்றும் கூடவே கேட்டார்கள். வசந்தி ஒவ்வொரு காலையும் அனுமதி வந்ததா என்று கொழும்புக்கு போன் பண்ணினாள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்கு இன்னும் பொறுக்க வேண்டும் என்றார்கள். பொறுத்தோம். லீவு முடிந்தது, அனுமதி வரவில்லை. அம்மாவுக்கென்று கொண்டுவந்த கம்பளிச் சட்டையை அவள் அக்காவுக்குக் கொடுத்தாள். அக்கா அழுதுவிட்டாள்.

புறப்படுகிற காலை வாசலில் கண்டி பஸ்ஸுக்கு நின்றோம். வசந்தி அக்காவின் மொபைலை வாங்கிக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்து, ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றாள்.

"அவ ஏன் அங்கிட்டுப் போயி நிக்கிறா? கண்டி பஸ் இந்தப் பக்கமில்ல வரும்" என்றாள் அக்கா.

"தெரியும்க்கா" என்றேன்.

கொடிகாமத்தில் பக்கத்து வீட்டுத் தொலைபேசிக்கு அம்மாவைக் கூப்பிட்டிருப்பார்கள் போலும். வாகனங்களின் இரைச்சலுக்கு மேலாக வசந்தி பலத்த குரலில் பேசினாள்.

"அம்மா, நான் றோட்டில நிக்கிறன். ஓம், உங்கட வாசலுக்கு வாற அதே றோட்டுத்தான். நீங்களும் ஒருக்கா வெளியில வந்து நில்லுங்கோவன்."

வவுனியா பலகை போட்ட பஸ் ஒன்று அவளுக்குப் பக்கத்தில் நின்றது. கொண்டக்டர் ஏறச் சொல்லிச் சிங்களத்தில் கூப்பிட்டான். அவள் போனைப் பொத்திக்கொண்டு தலையாட்டி மறுத்தாள். பஸ் போனது. அது போன வடக்குப் பக்கமாக முகத்தைத் திருப்பியபடி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மறுபடி போனைக் காதில் வைத்தாள்.

அதற்குள் எங்கள் பஸ் வந்துவிட்டது. பெட்டிகளை உள்ளே ஏற்றிவிட்டார்கள். டிரைவர் ஹோன் அடித்தான். கொண்டக்டர் என்னை முறைத்தான். ஒரு காலைப் படியில் வைத்து, மற்றக் காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, நான் பஸ்ஸை மறித்துப் பிடித்திருந்தேன்.