எதிர் இலையில் இருப்பவர்

முன்பின் தெரியாத நாலு பேரை ஒரே மேசையில் உட்கார வைக்கிறதுதான் சாப்பாட்டுக் கடைச் சப்ளையரின் பாதி வேலை. பரிமாறுவது மீதிப் பாதி. இந்த வேலை பார்த்தவங்களுக்குத் தெரியும், அந்த நாலு பேரும் அவங்கவங்க இலையையே பார்த்துக்கிட்டுச் சாப்பிட்டுப் போயிருவாங்க. எனக்கு அது ஆகாது. யார் வந்தாலும் "எந்த ஊரு?" என்று சத்தமாகக் கேட்டுப் பேச வைத்துவிடுவேன். அதில் எனக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமையால் ஒரு பையன் உயிருக்கே மோசம் வரப் பார்த்தது.

கோர்ட்டுக்கு வந்தவர்

எண்பதுகளில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தேன். வாய்தாவுக்கு வருகிறவங்கதான் எங்களுக்கு மத்தியானக் கூட்டம். ஒரு நாள் வ. புதுப்பட்டியில் வெள்ளாமை பார்க்கிற சம்சாரி ஒருத்தர் வாயே திறக்காமல் சாப்பிட்டார். விடுவேனா? ஊரைக் கேட்டேன், வழக்கைக் கேட்டேன். கிணற்றுப் பாதைத் தகராறாம். மறுநாள் யாரைச் சாட்சிக்குக் கூட்டி வரப்போகிறார், அந்த ஆளுக்கு எம்புட்டுத் தெரியும், எது தெரியாது, எல்லாம் கொட்டிவிட்டார். எதிர் இலைக்காரர் தலையைத் தூக்கவில்லை. ரெண்டு தடவை மோர் வாங்கி நிதானமாகக் குடித்துவிட்டுப் போனார்.

அவர் எதிர்த்தரப்பு வக்கீலின் குமாஸ்தா. மறுநாள் கூண்டில் அந்தச் சாட்சியை நார்நாராகக் கிழித்துவிட்டார்கள். ஒரு வாரம் கழித்து வந்த சம்சாரி, கை கழுவிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"அண்ணாச்சி, நீங்க சாம்பாரை மட்டும் ஊத்தியிருக்கலாம்."

நாலு வரி

பொறவு ராஜபாளையத்துக்கு வந்தேன், பஸ் ஸ்டாண்டுப் பக்கம். அங்கே மில் கிளார்க் ஒருத்தர் தினமும் வருவார். மூலை மேசை, ஒற்றை ஆள், பேச்சே கிடையாது. ஏன் சார் யார்கிட்டயும் பேச மாட்டேங்கிறீங்க என்று கேட்டேன். கை துடைக்க வெட்டி வைத்திருந்த பேப்பரில் ஒன்றை எடுத்து, ஓரத்தில் எழுதிக் கொடுத்தார். நான் அஞ்சாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

பக்கத்து இலைக்காரர் ஊரைக் கேட்டார்,
சொன்னேன்.
தெருவைக் கேட்பதற்குள்
கை கழுவ எழுந்துவிட்டேன்.

கவிதையாம். தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துபோகும், அதுதான் விசயம் என்று அவரே விளக்கினார். தெரிந்தால் தெரியட்டுமே, அதுக்காகப் பாதிச் சாப்பாட்டில் எந்திரிக்கணுமா என்றேன். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"உங்ககிட்ட யாரும் தெருவைக் கேட்டதில்லை போல."

பஸ் ஓடாத மத்தியானம்

தொண்ணூறுகளில் ஒரு நாள். எங்கேயோ ரெண்டு ஊருக்கு நடுவில் சாதிச் சண்டை, வெட்டுக்குத்து என்று பேச்சு வந்தது. பஸ்ஸெல்லாம் நின்றுபோச்சு. முதலாளி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர், கரண்டிச் சத்தம் மட்டும்தான். சுவர் ஓரமாக ஒரு பையன், இருபது வயசு இருக்கும், மடியில் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே கவர். எதிர் இலையில் வேட்டி கட்டிய ஒரு பெரியவர். ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

அப்போது குனிந்து உள்ளே மூணு பேர் வந்தார்கள். சாப்பிட வந்த முகமாக இல்லை. பையன் எக்ஸ்ரே கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அவனைத் தேற்றுவதாக நினைத்து, ரச வாளியோடு நின்றபடியே பழக்கதோசத்தில் கேட்டுவிட்டேன்: "தம்பி எந்த ஊரு?"

எல்லார் கையும் இலையிலேயே நின்றுவிட்டது. பையன் வாயில் போட்ட சோற்றை மெல்லவும் இல்லை, முழுங்கவும் இல்லை. மூணு பேரில் ஒருத்தன் கிட்ட வந்தான். "கேக்காருல்ல. சொல்லுலே."

பெரியவர் நிமிரவே இல்லை. ரசத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "என் தங்கச்சி மகன். நெஞ்சு பூரா காசம். இப்பத்தான் படம் எடுத்துட்டு வாரோம். பேசுனா இருமுவான், இருமுனா ரத்தம் தெறிக்கும். கிட்ட நிக்காதிய."

பையன் இருமினான். நல்லாவே இருமினான். கிட்ட வந்தவன் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நாலடி பின்னால் போனான். கொஞ்ச நேரத்தில் மூணு பேரையும் காணோம். அப்போதுதான் நான் ரச வாளியைத் தரையில் இறக்கி வைத்தேன்.

அந்தக் கவரில் இருந்தது அவன் அம்மாவின் கால் எலும்புப் படம். சாயங்காலம் போலீஸ் வண்டி காவலோடு பஸ் விட்டார்கள். அதுவரைக்கும் அந்தப் பெரியவர் இடத்தைவிட்டு எந்திரிக்கவில்லை. போகும்போது பையன் கண் கலங்கி, ஐயா நீங்க எந்த ஊரு என்று கேட்டான். அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அதைக் கேக்காத வரைக்கும்தான் தம்பி நான் உனக்கு மாமன்."

ஊர் கேட்காமல் சோறு போட அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். ஆனாலும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யார் வந்து உட்கார்ந்தாலும் எனக்கு இன்றைக்கும் நாக்கு அரிக்கத்தான் செய்கிறது.