ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுப் போ

அந்த முகாமுக்குப் போக நான் ஆசைப்படவில்லை. ஆசைப்பட்டது அம்மா. எட்டாம் வகுப்பில் இருந்தபோது, வெம்பக்கோட்டை அணைக்கரையில் மூன்று நாள் சாகச முகாம் என்று பள்ளியில் சொன்னார்கள். கயிற்றில் நடக்கலாம், கூடாரத்தில் படுக்கலாம். தீபாவளிக்கு முந்தைய சீசன் அது. வீட்டில் பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்ட ஆள் வேண்டும். உருட்டினால் சனிக்கிழமை எனக்குப் பரோட்டா உண்டு. "குழாய் கெடக்கட்டும், நீ போயிட்டு வாலே" என்று அம்மாவே என் சட்டைகளை மடித்துப் பையில் வைத்தாள்.

முகாமை நடத்தியவர் பெங்களூரிலிருந்து வந்தவர். தூங்கும்போதும் தொப்பியோடு இருப்பார் போலத் தோன்றியதால் தொப்பி சார் என்று பெயர் வைத்தோம். வந்ததும் அவர் செய்த முதல் காரியம், எல்லோருடைய செல்போனையும் ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டியது. கூட வந்திருந்த எங்கள் கணக்கு வாத்தியாரின் போனும் அதில் போனது. எங்களுக்கு ஆளுக்கொரு ஜோடி ஷூ கொடுத்தார்கள். வாடகைக்கு எடுத்தவை. எனக்கு விரல் இடித்தது.

இரண்டாம் நாள் காலை, இரண்டு புளியமரங்களுக்கு நடுவே இடுப்பு உயரத்தில் கட்டியிருந்த கயிற்றில் நடந்துகொண்டிருந்தேன். பாதி தூரத்தில் அந்தச் சத்தம் வந்தது.

எங்கள் ஊரில் பட்டாசுச் சத்தம் வேறு, கம்பெனி வெடிக்கிற சத்தம் வேறு. இரண்டாவது, காதுக்கு முன்னால் காலில் கேட்கும். அன்று எனக்குக் கயிற்றில் கேட்டது. அப்போது நாங்கள் யாரும் அலற மாட்டோம். புகை எந்தப் பக்கம் என்று பார்ப்போம். அந்தப் பக்கம் யார் வீட்டு ஆள் வேலைக்குப் போயிருக்கிறது என்று யோசிப்போம். பையன்கள் அத்தனை பேரும் சொல்லிவைத்தது போலக் கிழக்கே திரும்பினார்கள். பனைகளுக்கு மேலே புகை வெள்ளையாக எழுந்து, பிறகு கறுத்தது.

"ஏலே, ஒங்க அம்மா கம்பெனிப் பக்கம்லா தெரியுது" என்றான் காதர். மளிகைக் கடைக்காரர் மகன், என் பெஞ்சுக்காரன்.

அம்மா அங்கே பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிறவள்.

தொப்பி சார் விசில் ஊதினார். "பட்டாசு ஊர்ப் பசங்க வெடிச் சத்தத்துக்குப் பயப்படலாமா? பயத்த ஜெயிக்கத்தானே வந்திருக்கீங்க! கண்ண நேரா வச்சு நட!"

குதித்தேன். "சார், எங்க அம்மா அங்கனதான் வேலை பாக்குது. சித்தி வீட்டுக்கு ஒரு போன் போட்டுத் தாங்க சார்."

"ஒருத்தனுக்குப் பெட்டியத் திறந்தா எல்லாருக்கும் திறக்கணும். ரூல்னா ரூல்."

கணக்கு வாத்தியார் சாத்தூர்க்காரர். அந்தப் புகை என்னவென்று அவருக்குத் தெரியும். அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய், போன் இல்லாமல் அங்கேயே நின்றது. "சார் சொல்றதக் கேளுடே" என்று மண்ணைப் பார்த்துச் சொன்னார்.

நான் ஓடினேன். பின்னாலிருந்து தொப்பி சார் கத்தினார்: "டேய், ஷூவக் கழட்டி வச்சிட்டுப் போ! திருப்பிக் குடுக்கணும்!"

நான் நின்றேன். அதுதான் இன்றுவரை ஆறவில்லை. அம்மா இருக்கிறாளா இல்லையா என்று தெரியாத நேரத்தில், ஒருவன் அதட்டினான் என்று குனிந்து உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தேன். இரண்டாவது ஷூவை அவர் மேல் எறிந்தேன். படவில்லை. அதுவும் ஒரு குறைதான்.

காதர் கூடாரத்தில் கிடந்த தன் செருப்பை எடுத்து ஓடிவந்து என் காலடியில் போட்டான். "போட்டுட்டு ஓடுலே."

ரோட்டில் வண்டிகள் ஏற்கெனவே புகையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. ஒருவர் பைக்கை நிறுத்தினார். "எந்தக் கம்பெனிலே?" சொன்னேன். "ஏறு."

கம்பெனி வாசலில் போலீஸ்காரர்கள் கயிறு கட்டியிருந்தார்கள். அன்று நான் பார்த்த இரண்டாவது கயிறு. குனிந்து நுழைந்தேன். வெள்ளைச் சட்டை போட்ட போர்மேன் ஒருவர் என்னைத் தடுத்தார். திட்டவில்லை. தோளில் கை வைத்து, "நீ யாரு மகன்லே?" என்று மெல்லக் கேட்டார். காலையிலிருந்து என்னிடம் தணிந்து பேசிய ஒரே பெரிய மனிதர்.

பதில் சொல்வதற்குள் வேப்பமரத்தடியில் அம்மாவைப் பார்த்துவிட்டேன். முழங்கை வரை வெள்ளி நிறத்தில் மருந்து. உயிரோடு இருந்தாள். ஓடினேன். அவளும் எழுந்து வந்தாள். கட்டிப்பிடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். இடக் கன்னத்தில் ஒன்று விழுந்தது, வலக் கன்னத்தில் ஒன்று.

"யாருலே ஒன்ன வரச்சொன்னா? பொகையப் பாத்து ஓடியாருவியோ? இந்தக் கேட்டுப் பக்கம் இனி ஒன்னப் பாத்தேன், காலை ஒடிச்சிருவேன்!"

"விடுங்கக்கா, பிள்ள பதறிப்போய் வந்திருக்கான்" என்று ஒருத்தி பிடித்திழுத்தாள். அம்மா விடவில்லை. உள்ளே மருந்து அறையில் இருந்தவர்கள் யாரும் எழுந்து வரவில்லை. அவளோடு காலையில் ஒரே வேனில் வந்தவர்கள். அவர்களை அப்படியே விட்டுவிட்டு, என் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப்போய், வெம்பக்கோட்டைக்குப் போகிற ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றி, முகாமிலேயே இறக்கிவிடச் சொன்னாள்.

தொப்பி சார் என்னை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்தார். "பயப்படுறது தப்பில்ல. திரும்பி வந்தான் பாருங்க, கை தட்டுங்க" என்றார். பிறகு கிட்டத்தில் வந்து பார்த்து, "மூஞ்சில என்னடா பெயின்ட்?" என்று சிரித்தார். இரண்டு கன்னத்திலும் அம்மாவின் விரல்கள் வெள்ளியாக இருந்தன. ஒருவனும் கை தட்டவில்லை. கணக்கு வாத்தியார் நனைத்த துண்டோடு வந்தார். தட்டிவிட்டேன்.

அடுத்த வருடம் பள்ளியை விட்டேன். திருப்பூர், சூரத், ராஜ்கோட் என்று போனேன். செல்போன் கோபுரங்களில் கயிறு கட்டித் தொங்கியிருக்கிறேன். அதனால் சொல்கிறேன், இடுப்பு உயரத்துக் கயிற்றில் ஒரு சாகசமும் கிடையாது. தொப்பி சார் மேல் இருந்த ஆத்திரத்தில் பாதியை அம்மா மேலும் வைத்திருந்தேன். எத்தனையோ தீபாவளிக்கு ஊருக்கே போகவில்லை.

போன தடவை போனபோது சித்தி பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாள். அம்மா ஏழாம் வகுப்பு படிக்கும்போது இதே மாதிரி ஒரு புகையைப் பார்த்து ஓடியிருக்கிறாள். அவளைப் பெற்றவள் எழுந்து வரவில்லை. வாசலில் போர்மேன் ஒருவர் தோளில் கை வைத்து, "நீ யாரு மகள்மா?" என்று மெல்லக் கேட்டாராம். சொல்லியிருக்கிறாள். திங்கட்கிழமையிலிருந்து பெற்றவள் உட்கார்ந்த இடத்துக்கு வேலைக்கு வரச் சொன்னாராம்.

அன்று என்னிடம் தணிந்து பேசியவர் அந்த வெள்ளைச் சட்டைப் போர்மேன் ஒருவர்தான் என்று நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.