கடல் விடுகிற வேலை

தமிழ்மாறனுக்கு என்ன வேலை என்று அவன் அக்கா பாஞ்சாலியைக் கேட்டால், "கம்ப்யூட்டர்ல கடல் வுடுறான்" என்பாள். கேட்டவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். அவளுக்கோ அதில் கொள்ளைப் பெருமை. ஆட்டோ ஓட்டுகிறவன், சென்ட்ரிங் அடிக்கிறவன், பங்களாக்களில் தோட்டம் பார்க்கிறவன் எல்லாரும் ஓடக்கரை நகரில் உண்டு. கடலையே திறந்து விடுகிறவன் அவள் தம்பி ஒருவன்தான்.

அவள் சொன்னதில் பெரிய பிழை ஒன்றும் இல்லை. காந்தி நகரில் ஒரு பழைய வீட்டின் மாடியில் இருந்தது அவனுடைய ஆபீஸ். கடல் மட்டம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் கரையோரச் சதுப்பு நிலம் என்னவாகும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்றை அங்கே வைத்திருந்தார்கள். நிலத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, இது மேடு, இது பள்ளம், இது சேறு, இது அலையாத்திக் காடு, இது வீடு என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். பிறகு பொத்தானை அழுத்தினால் வருடங்கள் ஓடும். கட்டங்கள் ஒவ்வொன்றாக நிறம் மாறும். தண்ணீர் ஏறிய இடம் நீலம், காடு பச்சை, திறந்தவெளி மஞ்சள், கட்டடம் உள்ள ஊர் சாம்பல். ஐம்பது வருடத்துக் கடலை உட்கார்ந்த இடத்தில், ஒரு கிளாஸ் டீ ஆறுவதற்குள் பார்த்துவிடலாம்.

தமிழ்மாறன் பிறந்தது ஓடக்கரை நகரில்தான். அடையாறு கடலைத் தொடும் கழிமுகத்துக்குச் சற்று முன்னால், ஆற்றை ஒட்டிய புறம்போக்கில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் வீடுகள். அம்மா சீக்கிரமே போய்விட்டாள். பாஞ்சாலி பாலத்துக்கு அந்தப் பக்கத்து பங்களாக்களில் வீட்டு வேலை செய்து அவனைப் படிக்க வைத்தாள். தரமணியில் பாலிடெக்னிக் முடித்தான். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சர்வே கம்பெனியில், செயற்கைக்கோள் படத்தில் தெரியும் கூரைகளைச் சுற்றி மவுஸால் கோடு போடும் வேலை பார்த்தான். கண் பூத்துப் போகும் வேலை. அதில் கை தேர்ந்ததால்தான் காந்தி நகர் ஆபீசை நடத்தும் விஜயராகவன் சார் அவனை அங்கே அழைத்துக்கொண்டார்.

வேலைக்குச் சேர்ந்த அன்று, "அடையாறா? எங்க?" என்று அவர் கேட்டார். "பாலத்துக்குப் பக்கத்துல சார்" என்றான். பொய் இல்லை. கல்யாணத்துக்குப் பின் நங்கநல்லூரில் வாடகைக்குக் குடிபோனதும் அந்தக் கேள்வியே அடிபட்டுப் போயிற்று. அவனும் சொல்லவில்லை, யாரும் தோண்டவும் இல்லை.

விஜயராகவன் கெட்டவர் அல்ல. மயிலாப்பூர்க்காரர், பறவைப் பைத்தியம். கழிமுகத்தில் நீர்க்காகம் வந்தால் மனைவிக்கு போன் செய்து சொல்லுகிற ஆள். அலையாத்திக் காடு ஒரு கை அகலம் கூடினாலும் அவருக்குப் பேரன் பிறந்த சந்தோஷம் வரும். அப்படிப்பட்டவருக்கு அடையாற்றுக் கழிமுகத்தையே ஆராய்ந்து கொடுக்கச் சொல்லி அரசாங்க வேலை ஒன்று வந்தது. ஆபீசுக்கே தீபாவளி. தமிழ்மாறனுக்கு மட்டும் அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை.

காரணம், முதல் தடவை கடலை விட்டபோதே ஓடக்கரை நகர் நீலமாகிவிட்டது. அது மஞ்சள் கட்டத்தில் இருந்தது, அதனால் நீலமாயிற்று. மஞ்சளில் போட்டது வேறு யாருமில்லை, அவனேதான். எதையெல்லாம் சாம்பல் என்று குறிப்பது என்ற கேள்வி ஒரு பழைய வேலையிலேயே வந்திருந்தது. சாம்பல் கட்டம் என்றால், தண்ணீர் வந்தால் அங்கே தடுப்புச் சுவர் எழுப்பிவிடுவார்கள் என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும். நிலம் எவ்வளவு தாழ்வாக இருந்தாலும் அது நனையாது. "பட்டா இருந்தா சாம்பல், புறம்போக்குன்னா திறந்தவெளி. குழப்பமே இல்ல சார்" என்று தமிழ்மாறன் அன்றைக்கு யோசனை சொன்னான். அது யாருடைய ஊரோ, ஏதோ ஒரு ஆறு. சார் முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்த விதி ஆபீஸ் விதியாகிவிட்டது.

இப்போது அந்த விதி அவன் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் ஓடக்கரை நகருக்குப் போனபோது, பாஞ்சாலியின் கணவர் வடிவேலு தரை ஏற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் அங்கே எல்லா வீட்டிலும் நடப்பதுதான். கரைக்கு மேலே எங்காவது ஒரு பங்களாவை இடித்து அடுக்குமாடி கட்டுவார்கள். அந்த இடிபாட்டை மூட்டை மூட்டையாக அள்ளிவந்து வீட்டுக்குள் கொட்டி, அடித்து இறுக்கி, மேலே சிமெண்ட் பூசிவிடுவார்கள். வெள்ளம் ஒரு படி ஏறினால் இவர்களும் ஒரு படி ஏறுவார்கள். தரை ஏற ஏறக் கூரை தலைக்கு இறங்கி வரும். வடிவேலு மாமா தன் சொந்த வீட்டில் நிமிர்ந்து நின்று வருடங்கள் ஆகின்றன.

"அடுத்த வாட்டி தண்ணி வந்தாலும் கட்டிலு நனையாது மச்சான்" என்றார் அவர், வியர்வையைத் துடைத்துக்கொண்டே. "எங்கள இன்னா பண்ணிடும் ஆறு?"

தமிழ்மாறனுக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. திங்கட்கிழமை, மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அதைச் செய்து பார்த்தான். அலையாத்திக் காடு கடலோடு சேர்ந்து மேலே வரும் என்பது மென்பொருளுக்குத் தெரியும். வேர்களில் சேறு தங்கித் தங்கி நிலம் உயரும். அது எவ்வளவு என்று எழுத ஒரு பெட்டியும் உண்டு. மனிதர்கள் தரை ஏற்றுவது அதற்குத் தெரியாது. அதற்குப் பெட்டியும் கிடையாது. அதனால் அவன் ஓடக்கரை நகரை அலையாத்திக் காடு என்று மாற்றிக் குறித்தான். சேறு படியும் அளவுக்குரிய பெட்டியில் வடிவேலு மாமா தரை ஏற்றும் அளவைப் போட்டான். பொத்தானை அழுத்தினான்.

கடல் ஏறியது. நீலம் சுற்றி வந்தது, நெருங்கியது, நின்றது. ஓடக்கரை நகர் ஒரு கட்டம் கூட அழியாமல் பச்சைப் பசேலென்று அப்படியே இருந்தது. யாரும் பார்க்காத சந்தோஷத்தில் மேசையில் ஒரு தட்டுத் தட்டினான் தமிழ்மாறன். அசட்டுக் காரியம்தான், அவனுக்கும் தெரியும். ஆனாலும் அதை அழிக்க மனசு வரவில்லை. எல்லா ஆபீசையும் போல அங்கேயும் 'பைனல்' என்று ஒரு கோப்பு, அதற்கு மேல் 'நியூ பைனல்', அதற்கும் மேல் 'லேட்டஸ்ட் பைனல்' என்று சேமிப்பதுதான் வழக்கம். பழகிய கை அதற்கும் 'லேட்டஸ்ட் பைனல்' என்றே பெயர் வைத்தது.

அந்த வாரக் கடைசியில் மனைவி தீபிகாவின் தம்பிக்குச் செங்கல்பட்டில் கல்யாணம். போய்விட்டு ஆபீசுக்குத் திரும்பி வந்தபோது விஜயராகவன் வாசலிலேயே நின்றிருந்தார். முகம் நிறையச் சிரிப்பு.

"தமிழ், லேட்டஸ்ட் பைனலைத் தொறந்து பாத்தேன், என்னமா பண்ணியிருக்கே! கழிமுகத்துல எங்க நட்டாலும் மூழ்கறது, அந்த ஒரு இடத்துல மட்டும் காடு நிக்கறது பார்! எங்காத்துல கூட எல்லார்கிட்டயும் காமிச்சேன். ரிப்போர்ட் அட்டையிலயே அந்தப் படத்தைப் போட்டு கவர்மெண்டுக்கு அனுப்பிட்டேன்."

தமிழ்மாறன் நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து, ஒருவழியாக விஷயத்தைச் சொன்னான். அது காடு இல்லை, ஜனங்கள் இருக்கிற இடம், தான் சும்மா போட்டுப் பார்த்தது என்றான். யாருடைய வீடு என்பதை மட்டும் சொல்லவில்லை. விஜயராகவனின் முகம் சுருங்கிவிட்டது. கொஞ்ச நேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சரி, தப்பா போயிடுத்துன்னு எழுதி மாத்தி அனுப்பிடலாம். மாத்தினா என்ன வரும்?"

"நீலம் சார்."

"நீலம்னா முழுகறதுன்னு அர்த்தம். அப்பவும் அவங்களைக் காலி பண்ணத்தானே சொல்லுவா?"

"சாம்பல் போட்டா சார்..."

"புறம்போக்குல எப்படிப்பா சாம்பல் போடறது? நீ வெச்ச ரூல்தானே. நல்ல ரூல் அது. இங்க மாத்தினா நாம பண்ணின அத்தனை வேலையையும் மாத்தணும்." அவர் குரல் தாழ்ந்தது. "ரெண்டுல எதை அனுப்பட்டும், நீயே சொல்லு."

அவர் குத்திக்காட்டிக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். அதுதான் கொடுமை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். பச்சை என்றால் காடு வைக்கக் காலி செய்வார்கள், நீலம் என்றால் ஆபத்து என்று காலி செய்வார்கள். தமிழ்மாறன் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து வேறு வேலையைத் திறந்தான். பச்சைப் படம் போனது போனதுதான்.

அடுத்த மழைக்காலமும் முடிந்து வெயில் தெரிந்த ஒரு காலையில் ஓடக்கரை நகரில் அரசாங்கத்தார் கூட்டம் வைத்தார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், பின்னால் ஆளுயர பிளெக்ஸ். அதில் அந்தப் படம். விளக்கம் சொல்ல விஜயராகவன் வந்திருந்தார், கூடத் தமிழ்மாறனையும் அழைத்து வந்திருந்தார். பயந்துகொண்டேதான் வந்தான். வராமல் வீட்டில் கிடந்தால் அதைவிட மோசமாக இருக்கும் என்று நினைத்தான்.

அதிகாரி நயமாகத்தான் பேசினார். "வருங்காலத்துல இந்த இடம் காடு ஆகும்னு கம்ப்யூட்டரே சொல்லுதும்மா. நாங்க சொல்லல. உங்க எல்லாருக்கும் ஊருக்கு வெளியே நல்ல வீடு இருக்கு, லிப்ட் கூட உண்டு."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பாஞ்சாலி எழுந்து நின்றாள். அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டுவிட்டு, கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"கம்ப்யூட்டருன்னா எங்களுக்கும் ஆளு கீது சார்" என்றாள் சத்தமாக. "தோ நிக்கிறான் பாரு, என் தம்பி. கடல் வுடுற வேலைதான் அவனுக்கு. அவன் சொல்லட்டும், நாங்க கேட்டுக்கிறோம்."

எல்லாத் தலையும் அவன் பக்கம் திரும்பியது. விஜயராகவன் அவனையும் பாஞ்சாலியையும் மாறி மாறிப் பார்த்தார். "நீ சொல்லவே இல்லையேப்பா" என்று முணுமுணுத்தார். அதற்குள் பாஞ்சாலி வந்து அவன் கையைப் பிடித்து பிளெக்ஸுக்கு முன்னால் இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"இத்துல நம்ம ஊடு எங்கடா கீது?"

அவன் பச்சையைக் காட்டினான். அவள் பக்கத்தில் போய்க் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். ஆற்றைக் கண்டுபிடித்தாள், பாலத்தைக் கண்டுபிடித்தாள். விரல் பாலத்தைத் தாண்டி அந்தக் கரைக்குப் போயிற்று.

"இது நான் வேலைக்குப் போற பங்களாங்கதான? இது இன்னா கலரு, சாம்பலா?"

"ஆமாக்கா."

"அங்க தண்ணி வராதா?"

"வராதுக்கா."

"ஏன், மேடா?"

"இல்லக்கா. நம்ம மட்டந்தான் அதுவும்."

"பின்ன?"

"அங்க சுவர் இருக்குன்னு..."

"டெய்லி பொழுது விடிஞ்சா அங்கதான்டா நிக்கிறேன். நான் பாக்காத சுவரு எங்க கீது?"

"இப்ப இல்லக்கா. தண்ணி வந்தா கட்டுவாங்கன்னு வெச்சிக்கிறது."

பாஞ்சாலி கொஞ்சம் யோசித்தாள். கோபமெல்லாம் இல்லை, புரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள். "அவுங்களுக்குக் கட்டுவாங்க, சரி. நமக்குக் கட்ட மாட்டாங்கன்னு யாருடா வெச்சிக்கினது?"

விஜயராகவன் தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரி போனைப் பார்த்தார். இதற்கு மேல் மறைத்து என்ன ஆகப்போகிறது என்று தமிழ்மாறனுக்குத் தோன்றியது. அக்கா கன்னத்தில் ஒன்று வைத்தாலும் சரி, ஊரே காறித் துப்பினாலும் சரி, சொல்லிவிட்டால் நெஞ்சில் இருக்கிற பாரமாவது இறங்கும்.

"நான்தான்கா" என்றான்.

அவள் அவனை உற்றுப் பார்த்தாள். பிறகு முந்தானையால் அவன் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டு, அதிகாரியின் பக்கம் திரும்பினாள்.

"பாத்தியா சார்? உங்க எதிர்ல நிக்க வெச்சதும் புள்ள பயந்துகினு பழிய தம்மேல போட்டுக்கினான். வேலை போயிடும்னு பயம் சார் அவனுக்கு. எங்க தம்பி நம்மள அப்டி வெச்சிக்கிறவனே கிடையாது. இங்கயே பொறந்து இங்கயே வளந்தவன் சார் அவன்!"

கூட்டம் கைதட்டியது. வடிவேலு மாமா விசில் அடித்தார். தமிழ்மாறன் இன்னொரு முறை, இன்னும் சத்தமாக, "இல்லக்கா, நான்தான்" என்று சொன்னான். அது யார் காதிலும் விழவில்லை.