விசிறியை நிறுத்தியது நான்தான்

“ஏம்மா, இது வீட்டு அடுப்பு இல்ல, பாத்துக்கோ. ஒரு நாளு ஆலையையே கொளுத்திப் போட்டுட்டுப் போயிருவ.”

சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் ஒரு தவிட்டெண்ணெய் ஆலையின் ஆய்வகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று மேனேஜர் அண்ணாச்சி இப்படிச் சொன்னார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வேதியியல் பட்டம் வாங்கியிருந்தேன். வேலையில் காட்டலாம் என்று விட்டுவிட்டேன். இரண்டு வருடத்தில் அந்த அறையில் ஒரு பொறிகூட எழவில்லை. ஆனாலும் அந்த அறைதான் என்னை நோயாளியாக்கியது. கால் ஏன் மரத்துப்போகிறது என்று தெரியாமல் அலைகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் அறிகுறியைக் கண்டுபிடித்தது நானல்ல. ஒரு சனிக்கிழமை மாலை, அம்மாவைப் பார்க்க ராதாபுரம் பேருந்தில் ஏறி உட்கார்ந்திருந்தேன். ஒரு பூக்காரப் பெண் வெளியிலிருந்து சத்தம் போட்டாள்.

“எக்கா! ஒத்தச் செருப்பு அங்கன கெடக்கு, நீங்க பாட்டுக்கு ஏறிட்டியளே!”

குனிந்து பார்த்தேன். இடது கால் வெறுங்காலாக இருந்தது. செருப்பு கழன்றதும் தெரியவில்லை, வெறுங்காலால் தார்த்தரையில் நடந்ததும் தெரியவில்லை.

அம்மா பீடி சுற்றுகிறவள். விரலின் அருமை அவளுக்குத் தெரியும். என் கையில் ஒரு பீடியையும் நூலையும் கொடுத்து, “கட்டு பாப்போம்” என்றாள். பத்து வயதில் நான் கண்ணை மூடிக்கொண்டு கட்டிய முடிச்சு. இப்போது நூல் விரலில் இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

“ஏட்டி, சுகரா இருக்குமோ?”

சர்க்கரை இல்லை. ரத்தத்தில் எல்லாம் சரியாக இருந்தது. ஊர் மருத்துவர் சத்து ஊசி போட்டார். மூன்று மாதம் போட்டும் மரத்தல் கணுக்காலைத் தாண்டி மேலே ஏறியது. படியில் பாதம் தடுக்கத் தொடங்கியபோது பாளையங்கோட்டையில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போனேன்.

அங்கே நரம்புக் கடத்தல் பரிசோதனை (தோலின்மேல் சிறிய மின் அதிர்வு கொடுத்து, நரம்பில் செய்தி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளப்பது) செய்தார்கள். முடிவைப் பார்த்துவிட்டு மருத்துவர் நோயைப் பற்றிப் பேசவில்லை. வேலையைப் பற்றிக் கேட்டார்.

“தவிட்டுல எவ்வளவு எண்ணெய் இருக்குன்னு பாக்கணும் டாக்டர். ஹெக்சேன ஊத்தி எண்ணெயப் பிரிச்சிட்டு, அப்புறம் ஹெக்சேன ஆவியாக்கிருவோம்.”

ஹெக்சேன் பெட்ரோலின் உறவுக்காரத் திரவம். நிறமில்லை, சட்டென்று ஆவியாகும், சின்னப் பொறி போதும் பற்றிக்கொள்ள. எங்கள் முன்னெச்சரிக்கைகளைப் பெருமையோடு சொன்னேன். திறந்த நெருப்பு கிடையாது, கைபேசி உள்ளே வராது, நிலைமின்சாரத்தால் பொறி எழாதிருக்க டப்பாக்களுக்கு மண்ணோடு இணைத்த கம்பி உண்டு.

“கையில பிசுக்கு ஒட்டுனா?”

“அதையே கொஞ்சம் ஊத்திக் கழுவிருவோம்.”

அவர் ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். “உங்க ரூமை வரைஞ்சு காட்டுங்க.”

மேசை, ஹெக்சேனை ஆவியாக்கும் சுடுநீர்த்தொட்டி, கதவு எல்லாம் வரைந்தேன். ஜன்னலை வரைந்து அதன்மேல் கோடு போட்டேன். ஜன்னலுக்கு வெளியே லாரி ஓட்டுநர்கள் நின்று பீடி பற்றவைப்பார்கள். ஹெக்சேனின் ஆவி காற்றைவிடக் கனமானது. தண்ணீரைப் போலத் தாழ்ந்து வழிந்து, தூரத்தில் இருக்கும் நெருப்பையும் தொட்டுவிடும். அதனால் நான் ஜன்னலைச் சாத்திவைத்தேன். “வே, உள்ள ஒரு பிள்ள இருக்கு. பீடியக் கண்டா சாமியாடிரும், தள்ளி நில்லும்” என்று அவர்கள் கேலி பேசுவார்கள். அந்தக் கேலியும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

சுவரில் இருந்த, காற்றை வெளியே தள்ளும் விசிறியையும் வரைந்தேன். ஒரு நாள் அதன் மோட்டாரில் நீலப் பொறி பறந்ததைப் பார்த்தேன். அன்றே ‘இதைப் போடக் கூடாது’ என்று எழுதி ஒட்டினேன்.

மருத்துவர் படத்தைப் பார்த்தார். “சரி, காத்து எது வழியா வருது?”

படத்தில் விரலை வைத்துத் தேடினேன்: ஜன்னலில் கோடு, விசிறி நின்றுபோனது, கதவையும் சாத்தியே வைத்திருந்தோம்.

புற நரம்புச் சிதைவு (மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே, கை கால்களுக்குப் போகும் நரம்புகள் கெடுவது) என்று எழுதினார். மாதக்கணக்கில் ஹெக்சேனை மூச்சில் இழுத்தால் இது வரும் என்றார். நெருப்புக்குப் பயந்து நான் பூட்டிய அறையில்தான் நாள் முழுக்க அதைச் சுவாசித்திருக்கிறேன். நான் மட்டுமல்ல, எஸ்தரும். ஒரே மேசையில் என்னோடு வேலை பார்க்கிறவள். அந்த நிமிடமும் அவள் உள்ளேதான் இருந்தாள்.

ஆலை அலுவலக எண்ணுக்கு அழைத்து, வராண்டாவிலேயே நின்று பேசினேன். “எஸ்தர், தொட்டி சுவிட்ச அணச்சிட்டு வெளிய வந்துரு. திரும்ப உள்ள போவாத.”

“சாம்பிள் அஞ்சு பாக்கி கெடக்கேக்கா.”

“ஒனக்கு விரல் நுனில எறும்பு ஊருத மாதிரி இருக்கா?”

“ஒங்களுக்கு யாரு சொன்னா?” என்றாள்.

மறுநாள், துணைக்கு வந்திருந்த அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மேனேஜர் அண்ணாச்சியின் அறைக்குப் போனேன். மருத்துவரின் சீட்டை அவர் இரண்டு தரம் படித்தார்.

“விசிறியப் போட்டா தீப்பிடிக்கும்னு எழுதி ஒட்டுனது நீதானம்மா?”

“நாந்தான் அண்ணாச்சி. பாதிதான் யோசிச்சிருக்கேன். அத நிறுத்துன அன்னைக்கே பொறி எழாத விசிறிய வாங்கி மாட்டச் சொல்லியிருக்கணும். அது வாரவரைக்கும் வேலையையும் நிறுத்தியிருக்கணும்.”

அதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் சொன்ன பிறகு அவரால் மறுத்துப் பேச முடியவில்லை. ஆய்வகத்தை அன்றே மூடினார்கள். பொறி எழாத மோட்டார், தரைமட்டத்திலிருந்து ஆவியை இழுக்கும் குழாய், ஹெக்சேனைத் தாங்கும் கையுறை எல்லாம் வந்த பிறகுதான் திறந்தார்கள். எஸ்தரின் பரிசோதனையில் பாதிப்பு தொடக்க நிலையில்தான் இருந்தது.

உங்களுக்கும் இந்த நோய் என்றால் ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். அறையை விட்டு வந்த பிறகும் இது சில மாதம் கூடும். மருத்துவர் எச்சரித்திருந்தும் நான் பயந்துபோனேன். இரண்டாம் மாதம் பாதத்தைத் தூக்க முடியாமல் தரையில் இழுத்து நடந்தேன். கணுக்காலுக்குப் பிளாஸ்டிக் தாங்கி போட்டார்கள். இதைத் தீர்க்கும் மருந்து கிடையாது. நரம்பு தானாகத்தான் வளர வேண்டும். அதுவரை தசை வற்றாமல் இருக்கத் தினமும் உடற்பயிற்சி.

“எவ்வளவு நாளாகும்?” என்று ஒவ்வொரு முறையும் கேட்டேன்.

“ஒரு நாளைக்கு ஒரு நெல்லோட தடிமன்கூட வளராது” என்றார் மருத்துவர். “ஆனா வளரும்.”

அதன் பிறகு நாட்காட்டியைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். உணர்வு திரும்பிய இடம்தான் கணக்கு: முழங்காலுக்குக் கீழே ஒரு சாண், பிறகு கணுக்கால், பிறகு குதிகால் என்று என் காலம் காலின் வழியாகக் கீழே இறங்கியது. ஒரு நாள் குளிக்கும்போது தண்ணீர் சில்லென்று புறங்காலைத் தொட்டது. குளியலறையிலிருந்தே அம்மாவைக் கூப்பிட்டேன். என்னவோ ஏதோ என்று அவள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள்.

தாங்கியைக் கழற்றி நான்கு மாதம் ஆகிறது. கைவிரல்கள் முன்போல் வேலை செய்கின்றன. நான் என் உடம்பை இப்போது வேறு விதமாக நம்புகிறேன். அது சொல்வதைக் கேட்டுக்கொண்டேதான் நடக்கிறேன்.

தொழிற்சாலைப் பாதுகாப்புப் பட்டயப் படிப்பில் சேர்ந்துவிட்டேன். பொறியையும் மூச்சையும் சேர்த்துப் பார்க்கக் கற்றுத்தரும் படிப்பு அது. விடுதியில் எனக்கு மேல் கட்டில்தான் கிடைத்தது. “கீழ வேணும்னா மாத்திக்கிடலாம்” என்றாள் அறைத்தோழி. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிப்போட்டு இரும்பு ஏணியில் ஏறினேன். முதல் கம்பி குளிர்ச்சியாக இருந்தது. இரண்டாவதில் பெயின்ட் உரிந்து சொரசொரப்பு. இடது காலின் சுண்டுவிரலுக்கு மட்டும் உணர்வு இன்னும் வந்து சேரவில்லை. அதற்காக நான் கீழே காத்திருக்கவில்லை, மேலே போய்ப் படுக்கையை விரித்துவிட்டேன்.