தாய்மாமன் மடி

கடைசி நாள் காலையில் கூடாரத்தை விட்டு வெளியே வந்தபோது என் இடது முட்டி மடங்கவில்லை. தாஹான் மலையின் உச்சியைத் தொட்டுவிட்டு மறுபக்கம் இறங்கிக்கொண்டிருந்தோம். முந்தின நாள் ஈர வேரில் வழுக்கி விழுந்த அடி இரவோடு இரவாக வீங்கியிருந்தது. மழையும் விட்டபாடில்லை.

வழிகாட்டியாக வந்த மலாய்க்காரரை நாங்கள் அபாங், அதாவது அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் முட்டியை அமுக்கிப் பார்த்தார். கீழே ஓர் ஆற்றைக் கடக்க வேண்டும். மழைத்தண்ணீர் ஏறுவதற்குள், மதியத்துக்கு முன் அங்கே போய்ச் சேர வேண்டும். உன்னால் முடியாது, என் தம்பியைத் துணைக்கு விடுகிறேன், நாளைக்கு இறங்கு என்றார்.

நாளைக்கு முடியாது என்றேன். மறுநாள் காலை ஜாசின் கோயிலில் என் அக்கா மகளுக்குக் காது குத்து. பிள்ளையை மடியில் வைத்து மணையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டிய தாய்மாமன் நான். அக்காவுடன் பிறந்தவன் நான் ஒருவன்தான்.

அபாங்குக்கு விளங்கவில்லை. அப்பா மடியில் உட்காரக் கூடாதா என்று கேட்டார்.

"அப்பாவுக்கு அங்க வேலையே இல்ல லா. ஓரமா நின்னு கண்ணத் தொடைக்கிறதுதான் அவரு வேல" என்று என் நண்பன் மலாயில் எடுத்துச் சொன்னான். சுங்கை ஊடாங்கில் என்னோடு ஒரே ஷிப்டில் வேலை செய்பவன். பிறகு என் பக்கம் திரும்பினான். "நீ ஏன் மச்சான் கவலப்படுற? தங்கா பத்துல இருக்கிற ஒங்க பெரியம்மா மவன் வேட்டிய அயன் பண்ணி ரெடியா வச்சிருப்பாரு. அவரும் வரலன்னா ஒன் போட்டோ முன்னால புள்ளைய ஒக்கார வச்சிக் குத்திருவாங்க."

"போட்டோவா? மாலை போட்டா?"

"மாலை போடாத போட்டோவா பாத்து எடுக்கச் சொல்றேன்."

சிரித்தேன். ஆனாலும் பெரியம்மா மகன் என்றதும் சுருக்கென்றது. அக்கா மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டுத் தொழிற்சாலைக்குப் போனாள். எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வரை போன முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்காட்டி அவள் எதையும் கேட்டதில்லை. கல்யாணமாகி நெடுநாள் கழித்துப் பிறந்த பிள்ளை இது. நாள் குறித்த அன்று, "மலைக்குப் போ, வேணாங்கல. ஆனா வந்துரு" என்றாள். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

அபாங் என் முட்டியை மறுபடி அமுக்கிப் பார்த்தார். பிறகு, நீ வரலாம், உன் பை உன் முதுகில் வரக்கூடாது என்றார்.

என் சுமையை நானே சுமந்து இந்த மலையைக் கடக்க வேண்டும் என்று கிளம்பும்போதே எண்ணியிருந்தேன். அதுவரை ஓர் அரிசிப் பொட்டலத்தைக்கூட யாரிடமும் கொடுத்ததில்லை. பையைக் கழற்றிக் கீழே வைத்தேன். கூடாரம் நண்பனிடம் போனது, மீதியை அபாங்கின் தம்பி எடுத்துக்கொண்டான்.

"உள்ள என்னடா, அம்மிக்கல்லா?" என்று நண்பன் முனகினான்.

இரண்டு கம்புகளை ஊன்றி நடந்தேன். ஒவ்வோர் இறக்கத்திலும் வலது காலை முதலில் வைத்து, இடது காலை மரக்கட்டை மாதிரி இழுத்து இறக்கினேன். செங்குத்தான இடங்களில் உட்கார்ந்தே சறுக்கினேன். கால்சட்டையின் பின்பக்கம் கிழிந்தது. அட்டைகளைப் பிடுங்கி எறிய நிற்கவில்லை, குடிக்கிற மட்டும் குடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அத்தனை நாளும் மெதுவாக, மெதுவாக என்று சொல்லிக்கொண்டே வந்த அபாங் அன்று ஒரு தடவைகூட அதைச் சொல்லவில்லை.

ஆறு ஏற்கெனவே பழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. அபாங் கடந்துபோய் அக்கரை மரத்தில் கயிற்றைக் கட்டினார். ஒரு கம்பை நட்டுத் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்த்தார், இன்னும் இடுப்பளவுதான். போகலாம் என்று கை காட்டினார். நண்பன் எனக்கு மேல்பக்கம் நின்று நீரை உடம்பால் மறித்தான். நடு ஆற்றில் காலடியில் ஒரு கல் உருண்டது. வெள்ளம் இடது காலைப் பின்னால் தள்ளி, முட்டியை மடக்கிவிட்டது. கத்தினேன். கயிற்றை மட்டும் விடவில்லை.

கரையில் விழுந்து கிடந்தபோது நண்பன் குனிந்து பார்த்தான். "மடங்குது பாத்தியா! காலையிலேயே இங்க வந்து ஊற வச்சிருக்கலாம்."

அதற்குப் பிறகு பாதை தட்டை. சாயங்காலம் காட்டு எல்லையில் ஜீப் காத்திருந்தது. மெராப்போவில் கைப்பேசிக்கு உயிர் வந்ததும் அக்காவைக் கூப்பிட்டேன்.

"வந்துட்டேன்க்கா. காலையில கோயில்ல இருப்பேன்."

"கொரலு ஏன் ஒரு மாதிரி இருக்கு? அடிகிடி பட்டுச்சா?"

"முட்டியில லேசா."

"நாற்காலி போட்டுக்கலாம்டா. யாரு கேக்கப் போறா?"

அக்காவின் மாமியார் வீட்டில் அத்தனை பேரும் கேட்பார்கள். அது அவளுக்கும் தெரியும்.

"வேணாம்க்கா. மணையே போடு."

முன்னமே மெராப்போவில் விட்டுவைத்திருந்த காரை நண்பன் ஓட்டினான். நான் பின் இருக்கையில் சாய்ந்து, கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து மடக்கிப் பார்த்தேன்.

"ஏன்டா மாடு மாதிரி கத்துற? ரோட்டப் பாக்க விடு லா."

குவாலா லிப்பிஸ் தாண்டும்போது பாதி மடங்கியது. மறுபடி நீட்டி, மறுபடி மடக்கினேன்.