கரி வண்டிக்கு ஒரு கொண்டி

எங்கள் தெருமுனையில் துணி தேய்க்கிறவர் காலையில் பெட்டிக்குக் கரி போட்டு விசிறுவார். அந்த வாசம் வந்தால் எனக்கு வீட்டில் கால் நிற்காது. போய்ப் பக்கத்தில் நின்றுகொள்வேன். "துணி இருக்குதுங்களா பெரியவரே?" என்று கேட்பார். இல்லை என்பேன். கரி வாசத்துக்கு வந்தேன் என்று சொன்னால் என்ன நினைப்பாரோ.

நான் வண்டி ஓட்டினது அந்த வாசத்தில்தான். ரெண்டாவது உலகச் சண்டைக் காலம். பெட்ரோலுக்குக் கூப்பன். கூப்பன் இருந்தாலும் பெட்ரோல் இருக்காது. பஸ், லாரி எல்லாம் முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடின. கரியை எரிய விட்டு, அதில் வரும் வாயுவைக் குழாய் வழியே எஞ்சினுக்குக் கொடுப்பது. கரிகேஸ் என்போம். நான் அஞ்சாவதோடு நின்றவன். அதற்கு மேல் விவரம் கேட்காதீர்கள், தெரியாது.

எங்கள் வண்டி சின்னது. யாரோ துரை வைத்திருந்த பழைய கார். பின்பக்கத்தை அறுத்துவிட்டு வேப்பம்பலகையில் தொட்டி அடித்தது. எங்களுக்கு வெண்ணந்தூருக்குப் பக்கத்து ஊர். வண்டியை வாங்கினவர் காய்ச்சலில் போய்விட்டார். அவர் சம்சாரம் நாச்சம்மாள் எனக்கு முதலாளி. வண்டியில் பாதிப் பங்கு அவர் கொழுந்தன் செங்கோடனுக்கு. பெட்ரோல் இல்லாமல் நாலு மாசம் கொட்டகையில் நின்றது. இரும்புக்கு அப்போது நல்ல கிராக்கி.

"நங்கே, ஞாயித்துக்கெழமை ஆள் வரச் சொல்லீட்டேன். நிக்கிற வண்டி எதுக்கு? அறுத்து எடுத்துக்கிட்டுப் போகட்டும்" என்றார் செங்கோடன். அண்ணியை நங்கை என்பது எங்கள் பக்கம்.

வண்டி போனால் எனக்கு மறுபடி ஏர்தான். ஏர் பிடிப்பது கேவலம் இல்லை. ஆனால் எனக்கு இருபத்திரண்டு வயசு. காக்கிச் சட்டை தைத்துப் போட்டாகிவிட்டது.

"ஞாயித்துக்கெழமை அது ஓடிக்கிட்டு இருந்தா?" என்று கேட்டார் நாச்சம்மாள்.

"ஓடுனா நான் ஏன் விக்கறேன்?"

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நாச்சம்மாள் சேலம் போய்க் கரி அடுப்பு ஒன்று கொண்டுவந்து இறக்கினார். எங்கள் வண்டிக்கு அதைச் சுமக்கும் வலு இல்லை. சுமந்தாலும் மூட்டைக்கு இடம் இருக்காது. அதனால் அடுப்பு தனியாக ரெண்டு சக்கரத்தில் பின்னால் வரும்படி வாங்கியிருந்தார். பின்வண்டி. இழுப்பதற்கு முன்னால் நீண்ட ஏர்க்கால் நுனியில் இரும்பு வளையம். எல்லாம் சரி. வளையத்தை மாட்ட எங்கள் வண்டிக்குப் பின்னால் கொண்டி இல்லை.

ரெண்டு நாள் சேலத்தில் அலைந்தேன். பழைய இரும்புக் கடையில் ஒரு கொண்டி கிடைத்தது. பெரிய லாரியுடையது. எங்கள் வண்டிக்கு வைத்துப் பார்த்தால் கோழிக்குக் கொம்பு வைத்த மாதிரி. கொல்லரிடம் புதிதாக அடிக்கச் சொன்னால், "இரும்பு கொண்டா, அடிக்கிறேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. நாங்கள் மாடு கட்டிப் பழகின ஜனம். வந்த யோசனையும் மாட்டு யோசனை. வண்டியின் பின்னால் ஒரு நுகத்தடியைக் குறுக்கே கட்டினோம். அதில் பின்வண்டி ஏர்க்காலை வைத்துக் கயிற்றால் பூட்டினோம், காளைக்குப் பூட்டுகிற மாதிரியே. வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர், "மாடு எங்கப்பா, உள்ள உக்காந்திருக்குதா?" என்றார். உள்ளே நான்தான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் நாச்சம்மாள்.

சமதரையில் பின்வண்டி நல்ல பிள்ளையாக வந்தது. நாலு மாசம் கழித்து எஞ்சின் சத்தம். ஏரிக்கரை இறக்கம் வந்தது. இறக்கத்தில் மாடு கழுத்தைக் கொடுத்துப் பாரத்தைத் தாங்கும். என் வண்டிக்குக் கழுத்து ஏது? கயிறு தொய்ந்தது. பின்வண்டி ஓடிவந்து ஒரு முட்டு முட்டி, கயிற்றிலிருந்து நழுவிப் பக்கவாட்டில் முன்னேறியது. குழாய் பிடுங்கிக்கொண்டது. எஞ்சின் நின்றுபோனது. திரும்பிப் பார்க்கிறேன், அடுப்பு என் தோளுக்குப் பக்கத்தில் நின்று புகைகிறது.

"நம்மளுக்கு முன்னால ஊடு போய்ச் சேரப் பாக்குது" என்றார் நாச்சம்மாள்.

அப்புறம் இறங்கி, கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். "கயிறு ஆகாது சாமி. இரும்பாவும் இருக்கோணும், திரும்பற பக்கம் திரும்பவும் வேணும். அப்பிடி ஒண்ணு நம்மூர்ல எங்க இருக்குது?" கேட்டவர் அவரே நிமிர்ந்தார். "ஆலையில இருக்குது."

கரும்பு ஆலை என்றால் அப்போது காட்டுக்குள் இருக்கும்; வயலைத்தான் காடு என்போம். நடுவில் இரும்பு உருளைகள். மேலே ஒரு நீள மரம். மரத்து நுனியில் மாட்டைப் பூட்டினால் அது வட்டம் சுற்றும், கரும்பு பிழியும். மாடு வளைந்து வளைந்து நடப்பதால், அந்த நுனியில் எந்தப் பக்கமும் திரும்புகிற ஒரு கொண்டி வைத்திருப்பார்கள். எங்கள் ஊரில் ஒரே ஆலை. அது செங்கோடனுடையது.

மறுநாள் அமாவாசை. அமாவாசைக்கு யாரும் மாடு பூட்டமாட்டார்கள், ஆலையும் நிற்கும். விடிந்ததும் போனோம். நாலைந்து ஆட்கள் அடுப்பில் சாம்பல் அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க நங்கே. வெல்லம் எடுத்துக்குங்க" என்றார் செங்கோடன்.

"வெல்லம் ஊட்டுல இருக்குதுங்க. அந்தக் கொண்டியை ஒரு நாளைக்குக் குடுங்க."

ஆலைக்கு வந்து கேட்டவரை வெறுங்கையோடு அனுப்பினால் பாகு பதம் கெட்டுப்போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. சாம்பல் அள்ளின கைகள் எல்லாம் நின்றுவிட்டன. செங்கோடன் அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் காக்கிச் சட்டையைப் பார்த்தார்.

"விடியக்கால மாடு பூட்டறதுக்குள்ள திரும்ப வரோணும்."

"வருமுங்க."

கொண்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நிஜமாகவே ஓடினேன். கொண்டியின் பட்டையில் ரெண்டு ஓட்டை. வண்டிச் சட்டத்திலும் ரெண்டு ஓட்டை, எப்போதோ ஸ்டெப்னி மாட்டியிருந்த இடம். முதல் போல்ட் இறங்கியது. ரெண்டாவது பாதியில் நின்றது. கொல்லர் வந்து ஓட்டையை அரத்தால் ராவினார். மறுபடி வைத்தேன். கிணற்றில் கல் போட்ட மாதிரி இறங்கியது. வளையத்தை மாட்டி, பின்வண்டியை இடமும் வலமும் தள்ளிப் பார்த்தேன். திரும்பியது. நாச்சம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்பு விசிறியை அவரே சுற்றினார். குழாய் வாயில் நெருப்பைக் காட்டினால் வாயு நீலமாகப் பற்ற வேண்டும். பற்றியது.

ஏரிக்கரை இறக்கத்தில் நேராக வந்தது. ஏற்றத்தில் வந்தது. ராசிபுரம் போய்த் திரும்பினோம். நான் சும்மா சும்மா ஹாரன் அடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது வண்டியோடு ஆலைக்காட்டில் நின்றேன். செங்கோடன் மாட்டைப் பிடித்திருந்தார். பக்கத்தில் இரும்பு வாங்குகிறவர், சம்மட்டி ஆட்களோடு. நான் எஞ்சினை நிறுத்தவில்லை. ஸ்பானரை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

"கழட்டிக் குடுத்தர்றேனுங்க."

செங்கோடன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து கொண்டியைப் பார்த்தார். கையால் ஆட்டினார்.

"எத்தன மூட்டை ஏத்தும்?"

"பன்னண்டு ஏத்துமுங்க."

"வெல்லம் பதினஞ்சு கெடக்குது."

"ஏத்தலாமுங்க" என்றேன். பொய்தான்.

இரும்புக்காரரிடம் திரும்பி, "நீங்க போயிட்டு வாங்க" என்றார். ஆலை மரத்தில் கயிற்றைக் கட்டி மாட்டைப் பூட்டினார். கயிறு அறுந்து அறுந்து போக, மறுபடி மறுபடி கட்டினார்கள் என்று கேள்வி. நான் அப்போது சேலம் ரோட்டில் இருந்தேன்.

சண்டை முடிந்து பெட்ரோல் வந்தது. பின்வண்டியைக் கழற்றினோம். கொண்டியைத் துடைத்து, எண்ணெய் போட்டு, செங்கோடனிடம் கொண்டுபோனேன். ஆலைக்கு ஆயில் எஞ்சின் வைத்திருந்தார். மாடு சுற்றின இடத்தில் விறகு அடுக்கியிருந்தது. "நீயே வெச்சுக்க" என்றார். பிறகு அந்த ஆலையும் போனது, கரும்பும் போனது. போன வருசம் அந்தப் பக்கம் போனேன். மாடுகள் மிதித்து மிதித்துப் பாறையாக்கின வட்டம் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. காடு முழுக்க மரவள்ளி, நேர் நேர் வரிசையில்.